மூன்று கதைக்கு எட்டாயிரம், உரிமை முழுசும் அவர்களுக்கே: கையெழுத்துப் போடலாமா?

முருகேஷ்பாளையம்_மாடிவீடு
இரவு 11:48

எல்லோருக்கும் வணக்கம். இத்தனை நாளும் இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தவள், இன்றைக்குத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெரியவளுக்கு ஏழு வயசு, சின்னவனுக்கு இரண்டரை. அவன் வயிற்றில் இருந்தபோது சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலையை விட்டேன். அதற்கு முன்பிருந்தே குழந்தைகளுக்குக் கதை எழுதுகிறேன். சென்னையில் ஒரு சின்னப் பதிப்பகம் ஒரு புத்தகம் போட்டது, சில கதைகள் பத்திரிகைகளில் வந்தன. வீட்டுக்காரர் சம்பளம் இருந்ததால் இதுவரை பணத்தைப் பற்றி யோசிக்காமல் எழுத முடிந்தது. அவர் கம்பெனியில் ஆட்குறைப்பு நடந்தது, இப்போது வேறு இடத்தில் குறைந்த சம்பளத்துக்குச் சேர்ந்திருக்கிறார். வாடகையை ஏற்றிவிட்டார்கள், பள்ளிக் கட்டணம் முதல் தவணை வருகிறது, ஊரில் மாமனாருக்கு டயாலிசிஸ். மாசக் கடைசியில் எந்தக் கார்டில் எவ்வளவு பாக்கி என்று பார்க்காமல் தூக்கம் வருவதில்லை.

இந்த நிலைமையில் ஒரே வாரத்தில் இரண்டு விஷயம். ஒரு பதிப்பகம் (பெயர் வேண்டாமே) என்னுடைய மூன்று படக்கதைகளையும் எடுத்துக்கொள்கிறோம், மூன்றுக்கும் சேர்த்து 8,000 ரூபாய் மொத்தமாகத் தருகிறோம் என்கிறது. ஒப்பந்தத்தில் 'எல்லா மொழிகளிலும், எல்லா வடிவங்களிலும், நிரந்தரமாக' என்று இருக்கிறது. ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்குள் கொண்டுவர வேண்டுமாம், அதனால் சீக்கிரம் கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொல்கிறார்கள். இன்னொன்று, இங்கே பெங்களூரில் ஹெச்எஸ்ஆர் லேஅவுட்டில் ஒரு கல்விச் செயலி கம்பெனியில் குழந்தைகளுக்கான பாடக்கதை எழுதும் வேலை. 45,000 சம்பளம், ஒன்பதிலிருந்து ஆறு மணி. அதற்குப் போனால் சின்னவனை டே கேரில் விட வேண்டும், அதற்கே நல்ல தொகை போய்விடும்.

நான் எழுதுவது ராத்திரி பத்து மணிக்கு மேல்தான், சமையலறையைத் துடைத்து முடித்த பிறகு. வேலைக்குப் போனால் அதுவும் இருக்காது என்று பயமாக இருக்கிறது. போகாமல் இருந்தாலோ, வீட்டுப் பணத்தில் உட்கார்ந்து கதை எழுதுகிறேன் என்ற உறுத்தல். அவர் வாயைத் திறந்து ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் நான் லேப்டாப்பைத் திறந்தால் விளக்கு எரிவதைப் பார்க்கிறார்.

இதே வழியில் போனவர்கள் என்ன செய்தீர்கள்?


இரட்டையர்_அம்மா
இரவு 11:59

கையெழுத்துப் போடாதீங்க!! காலையில் விரிவாக எழுதுகிறேன், ஒன்று இப்போதுதான் தூங்கியது, இன்னொன்று முழித்திருக்கிறது.


சந்தேகப்பிராணி
காலை 6:20

கோபித்துக்கொள்ளாதீர்கள், நேராகவே சொல்கிறேன். பெங்களூரில் தமிழ்க் குழந்தைகள் எத்தனை பேர் தமிழ் படிக்கிறார்கள்? என் பையன் பத்தாவது. வீட்டில் தமிழில் சண்டை போடுவான், கோபத்தில் தமிழில் திட்டுவான், ஒரு பஸ் போர்டைத் தமிழில் வாசிக்கச் சொன்னால் தெரியாது. பள்ளியில் கன்னடம் கட்டாயம், அப்புறம் ஹிந்தியோ சமஸ்கிருதமோ, தமிழுக்கு இடமே இல்லை. வாங்க ஆள் இல்லாத சரக்குக்கு எட்டாயிரம் தருகிறேன் என்றால் வாங்கிக்கொண்டு வேலைக்குப் போங்கள். 45,000 என்பது 45,000.

ஹாரி பாட்டர் எழுதிய ரவுலிங்கும் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு காபிக் கடையில்தான் எழுதினார். எழுத வேண்டும் என்று இருந்தால் எழுதிவிடலாம்.


ஜெயநகர்_ஜன்னலோரம்
காலை 7:05

@சந்தேகப்பிராணி அந்தக் காபிக் கடைக் கதையைச் சொல்லும் யாருமே அடுத்த வரியைச் சொல்வதில்லை. ரவுலிங் அப்போது அரசாங்கம் தந்த உதவித்தொகையில் குடும்பம் நடத்தினார். 1997இல் ஸ்காட்லாந்து கலை மன்றம் அவருக்கு 8,000 பவுண்டு நிதியும் கொடுத்தது. நம்முடைய கேள்விக்காரருக்கும் அதே எட்டாயிரம்தான், ஆனால் ரூபாயில், அதுவும் மூன்று கதைகளை நிரந்தரமாக எழுதிக் கொடுத்தால். இங்கே எழுதுகிற அம்மாவுக்கு மானியம் தருவது யார்? வீட்டுக்காரர், இல்லையென்றால் மாமியார், இல்லையென்றால் அவளுடைய தூக்கம்.

மாடிவீடு, உங்களுக்குத் தனியாக எழுதுகிறேன், சாயங்காலம் ஆகும். பேரன் ஸ்கூல் வேன் வந்துவிட்டது.


கணக்குப்பிள்ளை
காலை 9:40

முதலில் கணக்குப் பார்த்துவிடலாமே, உணர்ச்சி எல்லாம் பிறகு.

படப் புத்தகம் 24 பக்கமோ 32 பக்கமோ, விலை 80 ரூபாய் என்று வையுங்கள். ராயல்டி 10 சதவீதம் என்றால் எழுதியவருக்கும் வரைந்தவருக்கும் பாதிப் பாதி. உங்கள் பங்கு பிரதிக்கு 4 ரூபாய். ஆயிரம் பிரதி அடித்து ஆயிரமும் விற்றால் 4,000. மூன்று புத்தகத்துக்கு 12,000. அதுவும் ஒரே ஆண்டில் விற்காது, இரண்டு மூன்று ஆண்டு ஆகும். ஆக, 8,000 இப்போதே கையில் வருவதற்கும் ராயல்டிக்கும் இடையில் பெரிய தூரம் இல்லை. 'ஏமாற்றுகிறார்கள்' என்று கொதிக்க வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன். எந்தப் பக்கம் போனாலும் உங்கள் வீட்டு நிலைமைக்கு இது யானைப் பசிக்குச் சோளப்பொரிதான். வாடகையைப் புத்தகத்தை நம்பித் திட்டமிடாதீர்கள்.

வரி பற்றி: ராயல்டிக்கு 10 சதவீதம் டிடிஎஸ், அதாவது பணம் தரும்போதே பிடிக்கும் வரி. ஒரே இடத்திலிருந்து ஆண்டுக்கு 50,000 தாண்டினால்தான் பிடிப்பார்கள், 2025 ஏப்ரலுக்கு முன் இது 30,000 ஆக இருந்தது. தாண்டாமலேயே சிலர் பிடித்துவிடுவார்கள். ரிட்டர்ன் போட்டால் திரும்ப வரும், சின்னத் தொகைதானே என்று விட்டுவிடாதீர்கள். நூலாசிரியர் ராயல்டிக்கு 3 லட்சம் வரை கழிவு தரும் பிரிவு ஒன்று பழைய வரி முறையில் இருக்கிறது, புதிய முறையில் கிடையாது. மூன்று லட்சம் ராயல்டி வாங்கும் தமிழ்க் குழந்தை எழுத்தாளர் யாராவது இந்த இழையில் இருந்தால் கை தூக்குங்கள், என் ஃபீஸ் வேண்டாம், சும்மாவே போட்டுத் தருகிறேன்.


இரட்டையர்_அம்மா
காலை 10:15

கை தூக்க ஆள் இல்லை 😂

ஆனால் கணக்குப்பிள்ளை சார், ஆயிரம் பிரதியோடு கணக்கை நிறுத்திவிட்டீர்களே. அந்தக் கதையை நாளைக்கு ஒருவர் கன்னடத்தில் போடுகிறார், ஒரு ஆடியோ செயலி எடுக்கிறது, ஏதோ ஒரு மாநிலத்தின் துணைப்பாடத்தில் சேர்க்கிறார்கள். அப்போது எழுதியவர் கையில் ஒன்றுமே இருக்காது. என் கதை ஒன்று மராத்தியில் போனது. வந்த பணம் பெரிதில்லை, ஆனால் என்னைக் கேட்டார்கள், பத்திரத்தில் என் பெயர் இருந்தது.


பழைய_பதிப்பகப்பக்கம்
காலை 11:30

சென்னையில் குழந்தைகள் புத்தகத்தில் எடிட்டராக இருந்துவிட்டு இப்போது ஒயிட்ஃபீல்டில் குடியிருக்கிறேன். எதிர்த் தரப்பையும் கொஞ்சம் சொல்ல வேண்டும், அடிக்க வராதீர்கள்.

நாலு கலர், ஆர்ட் பேப்பர், ஆயிரம் பிரதி. விலையை எண்பதுக்கு மேல் வைத்தால் பெற்றோர் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, 'இவ்வளவுதான் எழுத்தா?' என்று கேட்டு வைத்துவிட்டுப் போவார்கள். எழுத்தை எண்ணிப் படப் புத்தகம் வாங்குகிற ஊர் நம்முடையது. கடைக்காரருக்கு முப்பது நாற்பது சதவீதம் கழிவு, புத்தகக் காட்சியில் வாசகருக்குப் பத்து சதவீதம், நூலக ஆர்டர் வந்தால் சந்தோஷம், பணம் வரும்போது வரும். அந்தப் பதிப்பகம் உங்களைச் சுரண்டித் திட்டம் போட்டு பங்களா கட்டவில்லை.

அதற்காக நிரந்தர உரிமை கேட்பது நியாயம் என்று சொல்லவில்லை. உண்மையில் அந்த வரியை அவர்களே யோசித்து எழுதியிருக்க மாட்டார்கள். எங்கிருந்தோ ஒரு பத்திரத்தை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றியிருப்பார்கள். கேளுங்கள். நான் வேலை பார்த்த காலத்தில் உரிமைப் பத்தியை மாற்றித் தரச் சொன்ன எழுத்தாளர்களுக்குப் பெரும்பாலும் மாற்றித்தான் கொடுத்தோம். பிரச்சினை என்னவென்றால் கேட்டவர்கள் குறைவு, அதிலும் பெண்கள் ரொம்பக் குறைவு. 'புத்தகம் போடுவதே பெரிய விஷயம் சார்' என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள்.

சட்டத்தில் உங்களுக்குச் சாதகமாக என்ன இருக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 1957 பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 19. உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எந்தப் படைப்பு, எந்தெந்த உரிமை, எத்தனை காலம், எந்த நிலப்பரப்பு, எவ்வளவு பணம் எல்லாம் சொல்ல வேண்டும். காலம் சொல்லாவிட்டால் ஐந்து ஆண்டு என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். இடம் சொல்லாவிட்டால் இந்தியா மட்டும். வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், பத்திரத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய அது உங்களிடமே திரும்பிவிடும். அதனால்தான் 'நிரந்தரமாக' என்ற ஒரு சொல்லுக்கு இவ்வளவு எடை. அதை எழுதாமல் விட்டாலே அவர்களுக்கு ஐந்து ஆண்டுதான்.

கேட்க வேண்டியது: தமிழ், அச்சுப் புத்தகம், ஐந்து ஆண்டு. மற்றதெல்லாம் உங்களிடம். பணம் அதே 8,000ஆக இருந்தாலும் பரவாயில்லை.


முருகேஷ்பாளையம்_மாடிவீடு
மதியம் 2:10

சின்னவன் தூங்குகிறான், அதற்குள் எழுதிவிடுகிறேன். இவ்வளவு பேர் பதில் எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. பழைய எடிட்டர் சார் (மேடமா? தெரியவில்லை), கேட்டால் கதையே வேண்டாம் என்று சொல்லிவிட்டால்?


பழைய_பதிப்பகப்பக்கம்
மதியம் 2:25

மேடம்தான். சொல்லலாம். ஆனால் ஜனவரிக்கு மூன்று புத்தகம் திட்டமிட்டுவிட்டு, படம் வரைகிறவரையும் பேசி முடித்துவிட்டு, ஒரு வரிக்காக விடுகிற ஆளாக இருந்தால் பின்னால் ராயல்டியா வரப்போகிறது அவரிடமிருந்து?


தூரிகைக்காரன்
மாலை 4:50

படம் வரைகிறவன் என்ற முறையில் வருகிறேன், ராஜாஜிநகர். இதே மாதிரி பதிப்பகங்களுக்கு வரைகிறேன், விளம்பர வேலையும் செய்கிறேன். அதுதான் சோறு போடுகிறது.

என் வீட்டில் எல்லாம் தலைகீழ். மனைவிக்கு வங்கி வேலை, நான் வீட்டில். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி, சமைத்து, மூன்று மணிக்கு அழைத்து வந்து, நடுவில் வரைகிறேன். அக்கம்பக்கத்தில் எனக்குக் கிடைக்கும் பாராட்டைக் கேட்டால் சிரிப்பீர்கள். 'அட, நீங்களா தலை வாரி விடுறீங்க!' என் மனைவி கைக்குழந்தையோடு வங்கித் தேர்வுக்குப் படித்துப் பதவி உயர்வு வாங்கினாள், அதற்கு ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் வரையும்போது பிள்ளை அழுதால் 'பாவம், வேலை பண்ண விடமாட்டேங்கிறான்' என்கிறார்கள். நீங்கள் எழுதும்போது அழுதால் என்ன சொல்வார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

விளக்கு எரிவதைப் பார்க்கிறார் என்றீர்களே, அந்த வரியில் நின்றுவிட்டேன். அவர் என்ன நினைக்கிறார் என்று கேட்டீர்களா? வேலை போன ஆண்பிள்ளை பல சமயம் தன்னைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருப்பான்.


சந்தேகப்பிராணி
மாலை 5:30

குடும்ப ஆலோசனை மையமாகிவிட்டது. நான் கேட்டதற்குப் பதில் வரவில்லை. வாசிக்க ஆள் எங்கே?


இரட்டையர்_அம்மா
மாலை 5:48

உங்கள் பையன் வாசிக்கவில்லை என்றால் யாருமே வாசிக்கவில்லை என்று ஆகிவிடுமா சார்? இரண்டு வயசுப் பிள்ளைக்கு வாசிக்கத் தெரிய வேண்டியதில்லை, நான் வாசிக்கிறேன், அவை கேட்கின்றன. வாங்குவது நான். தமிழ் எழுத்துத் தெரிந்த கடைசித் தலைமுறை நாமாக இருந்தாலும், இன்னும் பத்து வருஷத்துக்கு வாசித்துக் காட்ட நாம் இருக்கிறோமே. தூலிகா மாதிரி பதிப்பகங்கள் தமிழும் ஆங்கிலமும் ஒரே பக்கத்தில் இருக்கிற மாதிரி போடுவது இதற்குத்தான். நம் ஊரிலேயே இருக்கும் பிரதம் புக்ஸ் எத்தனை மொழியில் போடுகிறார்கள், அவர்களுடைய ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்க் கதைகள் சும்மாவே கிடைக்கின்றன. முதலில் உங்கள் பையனுக்கு ஒன்றை வாசித்துக் காட்டுங்கள், பத்தாவது என்றால் வெட்கப்படுவான், பரவாயில்லை.


சந்தேகப்பிராணி
மாலை 5:55

சும்மா கிடைத்தால் எண்பது ரூபாய் கொடுத்து யார் வாங்குவார்கள் என்பதுதான் என் கேள்வியே. சரி, போகட்டும்.


பழைய_பதிப்பகப்பக்கம்
மாலை 6:40

ஸ்டோரிவீவர் பேச்சு வந்ததால் ஒரு எச்சரிக்கை. 2015இல் தொடங்கிய நல்ல காரியம், அதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் அங்கே நீங்களாகக் கதையை ஏற்றினால் அது திறந்த உரிமத்தில் போகிறது. பெயர் போட்டுவிட்டு யாரும் அச்சடிக்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம், பிறகு திரும்பப் பெற முடியாது. நாலு பேர் பார்க்கட்டும் என்று ஒன்றிரண்டு கதையை அங்கே விடுவது நல்லது, பள்ளிகளில் கூப்பிட வழியாகும். பத்திரமாக வைத்திருக்கிற கதையை ராத்திரி பன்னிரண்டு மணிக்கு விரக்தியில் ஏற்றிவிடாதீர்கள்.


ஹெச்ஆர்_பெல்லந்தூர்
மாலை 7:15

எல்லோரும் புத்தக ஒப்பந்தத்தையே பார்க்கிறீர்கள், எனக்கு வேலை ஒப்பந்தம்தான் கவலையாக இருக்கிறது.

வேலையில் இருக்கும்போது வேலைக்காக எழுதியதன் முதல் உரிமையாளர் முதலாளிதான், அதே பதிப்புரிமைச் சட்டத்தில் பிரிவு 17. பாடக்கதை எழுதச் சம்பளம் தருகிறார்கள் என்றால் அந்தக் கதைகள் அவர்களுடையவை, அதில் பேச ஒன்றும் இல்லை. ஆனால் பல கம்பெனிகளின் பத்திரத்தில், வேலைக் காலத்தில் நீங்கள் 'உருவாக்கும் அனைத்தும்' எங்களுக்கே என்று பொத்தாம்பொதுவாக ஒரு பத்தி இருக்கும். சாஃப்ட்வேர் ஆட்களுக்காக எழுதியது. குழந்தைகளுக்கு எழுதுகிற ஆள் குழந்தைகளுக்கு எழுதும் கம்பெனியில் சேரும்போது அது பெரிய வம்பு. ராத்திரி வீட்டில் எழுதிய தவளைக் கதை யாருடையது என்று நாளைக்குக் கேள்வி வரும். சேருவதற்கு முன்பே உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் கதைகளின் பட்டியலைக் கொடுத்து, 'இவையும், வேலை நேரத்துக்கு வெளியே எழுதும் என் சொந்தப் படைப்புகளும் இதில் சேராது' என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். மின்னஞ்சலில் கேளுங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம்.

இன்னொன்று, டே கேர். ஐம்பது பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் நிறுவனம் குழந்தைகள் காப்பக வசதி தர வேண்டும், மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தத்தில் வந்தது. நாளுக்கு நாலு தடவை போய்ப் பார்த்து வரவும் அனுமதி உண்டு. உள்ளே இல்லாவிட்டால் பக்கத்தில் ஏதாவது ஒரு காப்பகத்தோடு ஏற்பாடு வைத்திருப்பார்கள், அல்லது பணமாகத் தருவார்கள். நேர்காணலில் இதைக் கேட்டால் வேலை தரமாட்டார்களோ என்று பயந்து பெண்கள் கேட்பதே இல்லை. ஆஃபர் கடிதம் கையில் வந்த பிறகு கேளுங்கள்.


கே.ஆர்.புரம்_பாட்டி
இரவு 8:02

குழந்தைக்கு இரண்டரை வயசு. மூணு வயசு வரைக்குமாவது அம்மா கூட இருக்கணும் கண்ணு. பணம் இன்னைக்கு வரும் நாளைக்குப் போகும். நான் சொன்னா பழைய காலம்னு சொல்வீங்க.


இரட்டையர்_அம்மா
இரவு 8:10

பாட்டி, நீங்கள் இருந்து பார்த்துக்கொள்வதாக இருந்தால் நாங்கள் எல்லோரும் கே.ஆர்.புரத்துக்கே குடிவந்துவிடுகிறோம்.


கே.ஆர்.புரம்_பாட்டி
இரவு 8:31

வாங்க, மாடியில ஒரு போர்ஷன் காலியாத்தான் இருக்கு. அட்வான்ஸ் பத்து மாசம்.


ஜெயநகர்_ஜன்னலோரம்
இரவு 9:20

காலையில் சொன்னபடி வந்துவிட்டேன்.

மாடிவீடு, நான் எழுத வந்தபோது கம்ப்யூட்டர் எல்லாம் கிடையாது. பெரியவன் ஸ்கூல் நோட்டின் பின்பக்கத்தில் எழுதி, அவன் அதைக் கிழித்து ராக்கெட் விட்டு, அப்புறம் நினைவிலிருந்து எழுதியதும் உண்டு. சமையலறை வேலைக்கு நடுவிலேயே படக்கதையின் முதல் வடிவம் உருவாகிவிடும், அது சின்ன உருவம்தானே, நானூறு ஐந்நூறு வார்த்தை, பாத்திரம் தேய்த்துக்கொண்டே தலைக்குள் வைத்திருக்கலாம். கஷ்டம் அதைத் திருத்துவது. இந்த வரி வேண்டுமா, படத்திலேயே வந்துவிடுகிறதா, பக்கம் திருப்பும் இடத்தில் எதை நிறுத்துவது. இதற்கு ஒரே மூச்சில் இரண்டு மூன்று மணி நேரம் வேண்டும், ராத்திரி பத்து மணிக்கு அந்த மூளை யாருக்கும் இருக்காது. ராத்திரி எழுத்தில் தொண்ணூறு சதவீதம் சோகமாக இருக்கும், கவனித்திருக்கிறீர்களா? முயல் எல்லாம் அழுதுகொண்டே இருக்கும்.

அதனால் வேலையா எழுத்தா என்று என்னிடம் கேட்டால், வேலைக்குப் போங்கள் என்பேன். அழ. வள்ளியப்பா இந்தியன் வங்கியில் வேலை பார்த்துக்கொண்டேதான் குழந்தைகளுக்கு எழுதினார். இதைச் சொன்னதும் என் மருமகள் உடனே, 'அந்தக் காலத்தில் ஆம்பளைங்க ஆபீஸ் விட்டு வந்தா தட்டில் சோறு இருக்கும் அத்தை' என்றாள். அதுவும் சரிதான். ஆகவே வேலைக்குப் போவதற்கு முன்னால் அந்தச் சோற்றைப் பற்றிப் பேசிவிடுங்கள். இரண்டு பேரும் சம்பாதிக்கும் வீட்டில் ராத்திரி சமையலறை யாருடையது, பெரியவள் ஹோம்வொர்க் யாருடையது, காய்ச்சல் வந்தால் யார் லீவு போடுவது. இதைப் பேசாமல் போனால் எட்டு மணி நேர வேலையும் பழைய வேலையும் சேர்ந்து உங்கள் தலையில்தான், அப்போது எழுத்துதான் முதலில் போகும்.

சனிக்கிழமை காலையைக் கேட்டு வாங்குங்கள். வீட்டில் அறைக்குள் உட்கார்ந்து கதவைச் சாத்துவதெல்லாம் நடக்காது, கதவுக்கு வெளியே இரண்டு குட்டிக் கால் தெரியும். வெளியே போய்விடுங்கள். நான் கப்பன் பார்க் மத்திய நூலகத்துக்குப் போவேன், அந்தச் சிவப்புக் கட்டடம். இப்போது உங்களுக்குப் பஸ் டிக்கெட் கூட இல்லையே, 2023 ஜூனிலிருந்து சாதாரண பிஎம்டிசி பஸ்ஸில் பெண்களுக்குச் சும்மா. ஏசி வஜ்ராவில் ஏறிவிடாதீர்கள்.

பள்ளிகளுக்குக் கதை சொல்லக் கூப்பிட்டால் போங்கள், ஆனால் சும்மா போகாதீர்கள். 'பிள்ளைகளுக்காகத்தானே மேடம்' என்பார்கள். அதே பள்ளி மேஜிக் ஷோக்காரருக்குப் பணம் கொடுக்கிறது. நான் ஒரு மணி நேரத்துக்கு 3,000 சொல்வேன், கவர்ன்மென்ட் ஸ்கூல் என்றால் வாங்க மாட்டேன். ஒரு மணி நேரம் கதை சொன்னால் அது எழுநூற்றைம்பது புத்தகத்து ராயல்டி, கணக்குப்பிள்ளை சாரின் நாலு ரூபாய்க் கணக்குப்படி.


கணக்குப்பிள்ளை
இரவு 9:34

750 சரி. சரிபார்த்துவிட்டேன்.


தூரிகைக்காரன்
இரவு 9:50

இதைப் படித்துவிட்டு என் ரேட்டை ஏற்றப்போகிறேன்.


முருகேஷ்பாளையம்_மாடிவீடு
நாலு நாள் கழித்து, காலை 5:35

தாமதத்துக்கு மன்னிக்கவும், பெரியவளுக்குக் காய்ச்சல், அப்புறம் சின்னவனுக்கு.

ஜன்னலோரம் அம்மா எழுதியதை அப்படியே அவரிடம் படித்துக் காட்டினேன். முயல் அழுகிற இடத்தில் சிரித்தார். விளக்கைப் பற்றிக் கேட்டேன். கரண்ட் பில் எல்லாம் இல்லையாம். அவருக்குத் தூக்கம் வருவதில்லை, எழுந்து வந்து என்னோடு உட்காரலாமா என்று யோசித்துக்கொண்டு படுத்திருப்பாராம், நான் எழுதும்போது தொந்தரவு செய்யக் கூடாதே என்று வரவில்லையாம். எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. இதை முன்னாலேயே சொல்லியிருக்கலாம் இல்லையா? அதற்காக எல்லாம் சரியாகிவிட்டது என்று இல்லை. ராத்திரி சமையல் அவர் பொறுப்பு என்று முடிவாகியிருக்கிறது. இதுவரை இரண்டு ராத்திரி உப்புமா, ஒரு ராத்திரி வெளியிலிருந்து. பார்ப்போம்.

பதிப்பகத்துக்கு எழுதினேன். எடிட்டர் மேடம் சொன்ன மூன்றையும் கேட்டேன்: தமிழ், அச்சு, ஐந்து ஆண்டு. கூடவே ராயல்டியும் கேட்டுப் பார்த்தேன். ராயல்டி முடியாது என்றார்கள், மொழியும் வடிவமும் சரி என்றார்கள், காலம் ஏழு ஆண்டு என்றார்கள். இரண்டு கதை கொடுக்கிறேன், 6,000 தாருங்கள் என்றேன், ஒத்துக்கொண்டார்கள். மூன்றாவது கதையை நான் வைத்துக்கொள்கிறேன், அது இன்னும் முடியவில்லை என்றுதான் எனக்குத் தோன்றிக்கொண்டிருந்தது. அதில் கடைசியில் பாட்டி வருவது பிடிக்கவில்லை.

வேலைக்கு 'சரி' சொல்லியிருக்கிறேன். ஹெச்ஆர் மேடம் சொன்ன அந்த ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லி மின்னஞ்சல் போட்டேன், சட்டத் துறையில் கேட்டுச் சொல்கிறோம் என்று பதில் வந்திருக்கிறது, அவ்வளவுதான் நிலவரம். அவர்கள் முடியாது என்று சொன்னால் என்ன செய்வேன் என்று தெரியவில்லை. பணம் தேவைப்படும்போது 'எனக்கு இந்த வரி வேண்டும்' என்று சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும் என்று இப்போதுதான் தெரிகிறது.


ஹெச்ஆர்_பெல்லந்தூர்
காலை 8:45

சட்டத் துறைக்குப் போனதே நல்ல அறிகுறி. முடியாது என்றால் உடனே சொல்லியிருப்பார்கள். அந்த வரியை முழுசாகச் சேர்க்க மாட்டோம் என்றால், ஏற்கெனவே எழுதிய கதைகளின் பட்டியலையாவது இணைப்பாகச் சேர்க்க வையுங்கள், தலைப்பும் எழுதிய மாசமும் போட்டு. புதிதாக எழுதுவதற்கு, வெளியிடும் முன் அனுமதி கேட்பேன் என்று ஒரு வழி இருக்கிறது, பல கம்பெனிகள் அதற்கு ஒத்துக்கொள்கின்றன. அந்த மூன்றாவது கதையை இன்றைக்கே உங்களுக்கே மின்னஞ்சல் அனுப்பி வைத்துக்கொள்ளுங்கள், தேதி இருக்கும்.


பழைய_பதிப்பகப்பக்கம்
காலை 9:10

ஏழு ஆண்டு பரவாயில்லை. ஆறு மாசத்துக்குள் புத்தகம் வராவிட்டால் உரிமை திரும்பும் என்று ஒரு வரி சேர்க்க முடியுமா பாருங்கள், ஜனவரிக்கு என்று அவர்களே சொன்னதால் மறுக்க முடியாது. எழுத்தாளர் பிரதி எத்தனை என்று கேட்டீர்களா? பத்துப் பிரதியாவது வாங்குங்கள்.


சந்தேகப்பிராணி
காலை 9:42

புத்தகம் வந்ததும் இங்கே சொல்லுங்கள். அல்சூர் தமிழ்ச் சங்கம் பக்கம் வாரா வாரம் போகிறவன் நான், இரண்டு பிரதி வாங்கிக்கொள்கிறேன். தங்கை பெண்ணுக்கு.


இரட்டையர்_அம்மா
காலை 9:44

இரண்டு பிரதி எதற்கு சார், தங்கைக்கு ஒரு பெண்தானே 😏


முருகேஷ்பாளையம்_மாடிவீடு
காலை 10:20

எழுத்தாளர் பிரதி ஐந்து என்று போட்டிருக்கிறார்கள், பத்து கேட்கிறேன். ஹெச்ஆர் மேடம், அனுப்பிவிட்டேன்.

ஹெச்எஸ்ஆர் பக்கம் யாராவது இருக்கிறீர்களா? கம்பெனி ஏற்பாடு செய்திருக்கும் காப்பகம் ஆறு மணிக்கே மூடிவிடுமாம், வேலையும் ஆறுக்குத்தான் முடிகிறது. ஏழு வரை வைத்துக்கொள்கிற, சாப்பாடு ஊட்டிவிடுகிற டே கேர் ஏதாவது தெரிந்தால் தனிச்செய்தியில் அனுப்புங்கள். தமிழ் பேசுகிற ஆயா இருந்தால் நல்லது, கன்னடம் என்றாலும் சரி, அவனுக்கு இரண்டும் புரியும்.